பழுப்புத் தாளில் வைகை

நம் வயதுக்காரர்கள் யாரிடமாவது ஒரு தாளைக் கொடுத்து இயற்கைக் காட்சி வரையச் சொல்லிப் பாருங்கள். யோசிக்கவே மாட்டோம். கை தானாகப் போகும். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், அதிலிருந்து குச்சி குச்சியாகக் கதிர்கள். மலைக்கு நடுவிலிருந்து ஓர் ஆறு வளைந்து வரும். கரையில் ஒரு குடிசை, ஒரு தென்னை மரம். வானத்தில் மூன்றாம் எண்ணைப் படுக்கப் போட்டதுபோல நான்கு பறவைகள். மதுரையில் படித்த நாம் எல்லோரும் இதைத்தான் வரைந்தோம். மொட்டை மாடியில் ஏறினால் கண்ணுக்கு முன்னால் படுத்திருந்த யானைமலைக்கு உச்சியும் இல்லை, முக்கோணமும் இல்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை.

உங்களில் பலர் பேரன் பேத்தி எடுத்திருப்பீர்கள். எனக்குப் பிள்ளை பிறந்தது தாமதமாக. என் மகளுக்கு இப்போதுதான் பதின்மூன்று வயது. அண்மையில் நாற்பது நாள் அவள் படம் வரையவில்லை. மூன்று வயதிலிருந்து ஒரு நாள் விடாமல் வரைந்தவள். அவளுடைய கலர்ப் பெட்டி என் பீரோவில், என் சேலைகளுக்கு மேலே இருந்தது. அவளே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். தினமும் காலையில் அலுவலகத்துக்குச் சேலை எடுக்கும்போது அந்தப் பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்து, சேலையை எடுத்துக்கொண்டு, திரும்ப அதே இடத்தில் வைப்பேன். வேறு எங்காவது மாற்றி வைக்க மனம் வரவில்லை.

அது ஏன் அங்கே வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால், எழுபதுகளின் கடைசியில் நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது தையில் ஆரம்பித்துச் சித்திரையில் முடிந்த ஒரு பருவத்தைச் சொல்ல வேண்டும்.

எங்கள் பள்ளிக்கூடம் சிம்மக்கல்லில், ஆற்றுக்குப் பக்கத்தில் இருந்தது. வாரத்தில் ஒரு நாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, டிராயிங் பாடம். டிராயிங் டீச்சர் போர்டில் ஒரு மாம்பழம் போடுவார். நாங்கள் அதைப் பார்த்து நோட்டில் போடுவோம். அடுத்த வாரம் கத்தரிக்காய். அதற்கடுத்த வாரம் குடம். ஸ்கேல் வைத்து நடுக்கோடு போட்டு, இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று டீச்சர் அளந்து பார்ப்பார். குடம் ஒரு பக்கம் சரிந்தால் கையில் ஒரு அடி. வருடத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்டர் வருவதற்கு முந்தின வாரம், நன்றாக வரைகிற நாலைந்து பேருடைய நோட்டை வாங்கி, டீச்சரே லேசாகப் பென்சிலில் வரைந்து கொடுத்துவிடுவார். நாங்கள் அதன்மேல் அழுத்தி வரைய வேண்டும். இன்ஸ்பெக்டர் பார்த்து 'வெரி குட்' போடுவார். என் நோட்டில் ஒரு தாமரைக்கும் 'வெரி குட்' இருந்தது. அந்தத் தாமரை என்னுடையது இல்லை என்பது எனக்கும் டீச்சருக்கும் தெரியும். அதில் தப்பு எதுவும் இருப்பதாக எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

அந்த வருடம் பொங்கல் லீவு முடிந்து போனபோது டிராயிங் டீச்சர் பிரசவ லீவில் போயிருந்தார். அந்தப் பாடத்துக்குத் தையல் டீச்சரை அனுப்பினார்கள்.

தையல் டீச்சர் தலையில் முக்காடு சரியாமல் நடப்பார். கழுத்தில் எப்போதும் ஒரு இஞ்ச் டேப் தொங்கும். கிட்டே போனால் புதுத்துணிக் கஞ்சியின் வாசமும் கிராம்பு வாசமும் சேர்ந்து வரும். வகுப்புக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எங்களைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார், மறுபடியும் எங்களைப் பார்த்தார்.

"இங்க பாருங்கடி, எனக்குப் படம் வரையத் தெரியாது. பாவாடை வெட்டச் சொன்னா வெட்டுவேன். போர்டுல என்னையப் போடச் சொல்லாதீங்க."

பக்கத்துப் பெஞ்சுக்காரி எழுந்து, "மாம்பழம் ஈஸி டீச்சர். நான் சொல்லித் தாரேன்" என்றாள்.

"நீ சொல்லிக் குடுத்து நான் போட்டு, அதப் பாத்து நீ போடுவியாக்கும். ஒக்காரு தாயி."

வகுப்பு முழுவதும் சிரித்தது. பக்கத்து அறை தலைமை ஆசிரியையின் அறை. சத்தம் கேட்டு அங்கிருந்து ஆயாம்மா எட்டிப் பார்த்தார். தையல் டீச்சர் பயந்துபோய் எங்கள் எல்லோரையும் மொட்டை மாடிக்குக் கிளப்பிக்கொண்டு போனார். மாடிக்குப் போனதற்கு இதைத் தவிர வேறு காரணம் கிடையாது. பின்னாளில் குழந்தைகளுக்குக் கலை கற்பிப்பது பற்றி எவ்வளவோ கேட்டுவிட்டேன், பள்ளிக் கூட்டங்களில் கை தட்டியும் இருக்கிறேன். எனக்குக் கிடைத்த கலைக் கல்வி, ஒரு டீச்சர் சத்தத்துக்குப் பயந்ததால் கிடைத்தது.

நோட்டுகள் கீழேயே கிடந்தன. டீச்சர் தன் அறையிலிருந்து பழுப்புத் தாள் சுருளை எடுத்து வந்தார். தையல் வகுப்பில் பாவாடைக்கும் சட்டைக்கும் அளவு வெட்டிப் பழகுகிற முரட்டுத் தாள். கத்தரிக்கோலால் ஆளுக்கொரு துண்டு வெட்டிக் கொடுத்தார்.

"எதுவாச்சும் வரைங்க. நான் வந்து கேப்பேன்."

அவர் கேட்டது பெரும்பாலும் ஒரே கேள்விதான். ஒவ்வொருத்தியின் பக்கத்திலும் குனிந்து, ஏதாவது ஒன்றின்மேல் விரலை வைத்து, "இது என்ன?" என்பார். அவருக்கு உண்மையிலேயே தெரியாது. தெரியாமல் கேட்கிற பெரியவர்களை அதுவரை நாங்கள் பார்த்ததில்லை. டீச்சர்கள் கேட்பதெல்லாம் பதில் தெரிந்த கேள்வியாகத்தான் இருக்கும். முதல் வாரம் எல்லோரும் இரண்டு மலையும் சூரியனும்தான் போட்டோம். டீச்சர் என் தாளில் குடிசையைக் காட்டி, "இது யார் வீடு?" என்றார். யார் வீடும் இல்லை. அந்தக் குடிசைக்குள் யாரும் இருந்ததாக நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, நான் கைப்பிடிச் சுவர் ஓரமாகப் போய் உட்கார்ந்தேன். மாசி மாதம். கீழே வைகை காய்ந்து கிடந்தது. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நாம் பார்த்த வைகை அதுதான். மணல், மணல், நடுவில் கோரைப் புல், திரும்பவும் மணல். வெளுக்கப் போட்ட வேட்டிகள் வரிசையாகக் காய்ந்தன. கழுதைகள் நின்றபடி தூங்கின. சாயம் போட்ட நீளத் துணி ஒன்றை இந்த முனையில் ஒருவரும் அந்த முனையில் ஒருவரும் பிடித்துக்கொண்டு, காற்றில் வயிறு உப்பவிட்டுக் காய வைத்துக்கொண்டிருந்தார்கள். பையன்கள் ஸ்டம்ப் நட்டுக் கிரிக்கெட் ஆடினார்கள். எல்லாவற்றுக்கும் இந்தப் பக்கம் ஓர் அம்மா மணலில் ஊத்துத் தோண்டிச் சிரட்டையால் தண்ணீர் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தது. ஒரு சிரட்டை மொண்டால், ஊத்தில் தண்ணீர் ஊறும்வரை கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். பிறகு அடுத்த சிரட்டை.

எல்லாவற்றையும் வரைந்தேன். யானைமலையை யானைமலையாகவே போட்டேன். ஆற்றுக்கு நிறம் போடப் பெட்டியைத் திறந்தபோதுதான் தெரிந்தது, தாளின் நிறமே மணலின் நிறம். ஒன்றும் போட வேண்டாம். அப்படியே விட்டுவிட்டால் போதும். அந்த நொடியில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இப்போதும் வயிற்றில் உணர முடிகிறது. யாரும் சொல்லித் தராமல் நானே கண்டுபிடித்த முதல் விஷயம் அது. ஊத்துக்கு மட்டும், என் நீலம் தீர்ந்திருந்ததால், பக்கத்துப் பெஞ்சுக்காரியின் நீலப் பென்சிலைக் கடன் வாங்கி, ஒரு காலணா அகலத்துக்கு வட்டம் போட்டேன். படம் முழுவதிலும் அந்த ஒரு இடம்தான் நீலம்.

தையல் டீச்சர் குனிந்தார். விரல் நேராக அந்த வட்டத்துக்கு வந்தது.

"இது என்ன?"

"ஊத்து டீச்சர். அந்தம்மா சிரட்டையில மொள்ளுது."

"கையி ஏன் இம்புட்டு நீளம்?"

"ஊத்து ஆழம் டீச்சர்."

டீச்சர் கழுத்திலிருந்த டேப்பை எடுத்துப் படத்தில் இருந்த கையை அளப்பதுபோல வைத்துப் பார்த்தார். பிறகு ஆற்றை எட்டிப் பார்த்தார். அந்த அம்மா அப்போதும் குனிந்துதான் இருந்தது.

"அப்ப சரி" என்றார். அவ்வளவுதான். 'வெரி குட்' இல்லை, மார்க் இல்லை. தாளைச் சுருட்டி ஊசி நூலால் ஒரு கட்டுப் போட்டு, "வீட்டுல கொண்டுபோயிக் காட்டு" என்று கொடுத்தார்.

என் அப்பா ஆற்று வேலைகளைப் பார்க்கிற ஓர் அலுவலகத்தில் வரைவாளராக இருந்தார். வாய்க்கால், மதகு, கரை எல்லாவற்றுக்கும் வரைபடம் போடுவது அவர் வேலை. வீட்டில் அவருக்கென்று ஒரு சாய்வுப் பலகை உண்டு. அதில் கறுப்பு மைக் குப்பி, திருகி அகலம் மாற்றுகிற கோட்டுப் பேனா, கண்ணாடி போன்ற முக்கோண ஸ்கேல். எதையும் நாங்கள் தொடக் கூடாது. வரைபடம் நகலெடுக்கிற மெழுகுத் துணி கழிந்துபோனால் வீட்டுக்கு வரும். அம்மா அதை வெந்நீரில் ஊறவைத்து அலசினால் மெழுகெல்லாம் போய் மல்லுத் துணிபோல ஆகிவிடும். அதில்தான் எங்களுக்குக் கைக்குட்டை. மூக்கைத் துடைக்கும்போது ஓரத்தில் அழியாத ஒரு வாய்க்காலின் கோடு தெரியும். அப்படிப்பட்ட ஒரு கைக்குட்டைகூட இன்று என்னிடம் இல்லை.

அப்பா படத்தைப் பலகையில் விரித்து, நான்கு மூலையிலும் பின் குத்தி, வெகுநேரம் பார்த்தார்.

"நீயா போட்ட?"

"ஆமாப்பா."

"யாரும் கை வைக்கலையே?"

"இல்லப்பா. தையல் டீச்சருக்கு வரையத் தெரியாது."

அப்பா சிரித்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டார். "இங்க வந்து பாரு. கழுதை தூங்குறத எப்படிப் போட்டிருக்கா பாரு."

சித்திரைப் பொருட்காட்சியில் அப்பாவின் அலுவலகமும் அந்த வருடம் ஒரு அரங்கு போடுவதாக இருந்தது. அணை மாதிரி ஒன்று செய்து அதில் நிஜமாகவே தண்ணீர் விழ வைப்பார்களாம். அரங்கில் மாட்டுவதற்கு ஊழியர்களின் பிள்ளைகளிடம் 'நம் ஆறு' என்று படம் கேட்டிருந்தார்கள். நல்ல படத்துக்குப் பரிசும் உண்டு.

"இதையே குடுத்துருவோமா தாயி?" என்று அப்பா கேட்டார். அன்று இரவு சாப்பிடும்போது நான் என்ன சாப்பிட்டேன் என்றே எனக்குத் தெரியவில்லை. பொருட்காட்சி நடக்கிற தமுக்கம் மைதானத்தில் என் படத்தை ஊரே பார்க்கப்போகிறது.

அடுத்த நாள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அப்பா வீட்டில் இருந்தார். அரை நாள் லீவு போட்டிருந்தார். பலகைக்குப் பக்கத்தில் கிண்ணத்தில் நீலத் தண்ணீர். படத்தில் ஆறு நிறையத் தண்ணீர்.

பழுப்புத் தாளில் நீலம் எடுபடாமல் பாசி பிடித்ததுபோல ஆகியிருந்தது. அதனால் இரண்டு முறை பூசியிருந்தார். தாள் ஊறி அங்கங்கே அப்பளம்போல உப்பியிருந்தது. கிரிக்கெட் ஆடின பையன்கள் மூழ்கிவிட்டார்கள். கழுதைகளின் காலை மறைத்து முதுகை மட்டும் விட்டுப் பாறைகளாக்கியிருந்தார். சாயத் துணி ஒரு படகாகியிருந்தது. அதைப் பிடித்திருந்தவர்களில் ஒருவர் கையில் ஒரு துடுப்பு. அப்பாவின் கை சுத்தமான கை, எல்லாம் அச்சடித்ததுபோல இருந்தது. ஊத்து இருந்த இடத்தைத் தேடினேன். அந்த அம்மாவும் இல்லை, சிரட்டையும் இல்லை. நான் போட்ட நீல வட்டம் அப்பாவின் நீலத்துக்கு அடியில் எங்கேயோ இருந்தது.

"என்னப்பா இது?"

"பாதியில விட்டிருந்தியே, முடிச்சு வச்சேன்."

"நான் முடிச்சுத்தான்ப்பா இருந்தேன்."

"ஆறு வெறுமனே கெடந்துச்சுல்ல தாயி."

"அது மணலுப்பா. தாளுதான் மணலு."

அப்பா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். அம்மா அடுப்படியிலிருந்து வந்து படத்தைப் பார்த்தாள்.

"வைகையில என்னைக்குங்க படகு போச்சு?"

"போட்டிக்குப் போற படம். கொஞ்சம் பாக்குற மாதிரி இருக்கட்டுமே."

"நல்லாத்தான் இருக்கு. கழுதையக் கல்லாக்கிட்டீங்க, பயலுகள முக்கிட்டீங்க. அடுத்து அழகரக் குதிரையில இருந்து எறக்கிப் படகுல ஏத்தி விட்ருங்க."

அப்பா முற்றத்தில் நின்றபடியே குரலைத் தாழ்த்திச் சொன்னார். "வெளையாடாத. நம்ம ஆபீஸ் அரங்குல ஆறு காஞ்சு கெடக்குற மாதிரி ஒரு படத்த மாட்டுனா பெரியவரு என்ன நெனப்பாரு? அதுவும் எம் பிள்ளை போட்டதுன்னு. நக்கல் பண்ணச் சொல்லிக் குடுத்தேன்னுல நெனப்பாரு."

எனக்கு அது புரியவில்லை. என் படம் நன்றாக இல்லை, அதனால் அப்பா திருத்திவிட்டார் என்பது மட்டும்தான் புரிந்தது. அதற்குப் பிறகு பல வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பதவியில் தனக்கு மேலே ஆறேழு பேர் இருக்கிற ஒரு மனிதர், ஒரு பக்கம் மகளின் படத்தை எல்லோருக்கும் காட்ட ஆசைப்பட்டு, மறுபக்கம் அதைப் பார்த்துப் பயந்தும் போனார் என்பது அப்போது எப்படித் தெரியும்? அவர் போட்ட வரைபடங்களிலெல்லாம் ஆற்றுக்கு நீலம்தான். எந்த மாதத்திலும் நீலம்தான்.

சித்திரையில் அழகருக்காகத் தண்ணீர் திறந்துவிட்டார்கள். நானும் போய்ப் பார்த்தேன். டீ நிறத்தில், செத்தையும் செருப்பும் மிதக்க, முழங்கால் அளவுக்கு வந்தது. நீலமாக இல்லை என்பதை மட்டும் கவனித்தேன்.

பொருட்காட்சிக்கு அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் போனோம். ராட்டினம் சுற்றுகிற சத்தம், முறம் அகலத்துக்குப் பொரித்த டெல்லி அப்பளம், காணாமல் போன பிள்ளைகளின் சட்டை நிறத்தை மைக்கில் சொல்லிக்கொண்டே இருக்கிற ஒரு குரல். அப்பாவின் அலுவலக அரங்கில் அட்டை அணையிலிருந்து ஒரு விரல் கனத்துக்குத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே சுவரில் என் படம். ஓரத்தில் 'முதல் பரிசு' என்று ஒட்டியிருந்தார்கள். அப்பாவுக்கு மேலே இருந்த பெரியவர் என் தலையில் கை வைத்து, "பேஷ், படகெல்லாம் போட்டிருக்கியே" என்றார். பெயர் வெட்டின ஒரு எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன்.

திரும்பினால், கூட்டத்தில் தையல் டீச்சர் நின்றார். இரண்டு பிள்ளைகளை இரண்டு கையில் பிடித்திருந்தார். என் பெயரைப் படத்துக்கு அடியில் படித்துவிட்டுச் சந்தோஷமாகக் கிட்டே வந்தார். என் பக்கத்தில் அப்பா.

"எங்க டீச்சர்ப்பா" என்றேன். அப்பா வணக்கம் சொன்னார். டீச்சர் தலையசைத்துவிட்டுப் படத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு பிள்ளையின் கையை விட்டுவிட்டு, விரலை நீட்டி, ஊத்து இருந்த இடத்துக்கு நேராக வைத்தார்.

"இங்கன தண்ணி மொண்டுக்கிட்டு ஒரு அம்மா இருந்துச்சே. எங்க?"

அவர் குற்றம் சாட்டவில்லை. அவருக்குத் தெரியாது, அதனால் கேட்டார். எப்போதும் கேட்பதுபோல.

அப்பாவின் கை என் தோளில் இருந்தது. அது அசையாமல் கனத்துப்போனதை உணர்ந்தேன். பெரியவர் இரண்டடி தள்ளி நின்று யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். அப்பா போட்டது என்று சொன்னால் அப்பாவுக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை. ஆனால் ஏதோ ஆகும்.

"தண்ணி வந்துருச்சுல்ல டீச்சர்" என்றேன். "அந்தம்மா கரையேறி வீட்டுக்குப் போயிருச்சு."

டீச்சர் என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். "அப்ப சரி" என்றார். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டார்.

அப்பா கண்ணாடியைக் கழற்றி, வாய்க்கால் கோடு தெரிகிற ஒரு கைக்குட்டையால் துடைத்தார். தேவைக்கு அதிகமான நேரம் துடைத்தார். வீட்டுக்குப் போக டவுன் பஸ் ஏறினோம். அம்மா, "டம்ளர் கனமாத்தான் இருக்கு" என்றாள்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது நான் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளியில் சேர்ந்துவிட்டேன். அங்கும் டிராயிங் பாடம் இருந்தது. இரண்டு மலையும் சூரியனும் நன்றாகவே போட்டேன். மார்க்கும் வாங்கினேன். ஆனால் நானாக உட்கார்ந்து ஒரு கோடுகூடப் போடவில்லை. யாரும் தடுக்கவில்லை. போடத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு விஷயங்களை இப்போதுதான் சேர்த்துப் பார்க்கிறேன். அந்த எவர்சில்வர் டம்ளர் எங்கள் வீட்டிலேயே நல்ல டம்ளர். வருகிறவர்களுக்கு அதில்தான் மோர். அம்மா அதில் காபி ஊற்றி வைத்தால் அப்பா பேசாமல் வேறு டம்ளரில் மாற்றிக் குடிப்பார். சூடு தாங்காது என்பார். இன்னொன்று, மாதம் முதல் வாரத்தில் என் புத்தகப்பைக்கு மேலே ஒரு தாள் இருக்கும். அப்பா வாங்கி வைக்கிற கெட்டியான வரைதாள், முழு அளவு, மடிப்பில்லாமல் சுருட்டி, ஊசி நூலால் கட்டியிருப்பார். எதற்கு என்று அவர் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை. அலுவலகத்தில் மிஞ்சியதாக்கும் என்று நினைத்து, கிழித்துப் பாடப் புத்தகங்களுக்கு அட்டை போட்டேன். பத்தாம் வகுப்பு வரைக்கும் என் புத்தகங்கள்தான் வகுப்பிலேயே கெட்டியான அட்டை போட்ட புத்தகங்கள். அந்த அட்டைகளை அப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அடுத்த மாதமும் தாள் வரும்.

நான் கல்லூரி முடிக்கும் முன்பே அப்பா போய்விட்டார். கேட்பதற்கு ஆள் இல்லை.

இனி, அந்த நாற்பது நாளுக்கு முன்னால் நடந்தது.

என் மகளின் பள்ளியில் கண்காட்சி. 'என் தெரு' என்று ஒரு படம் கேட்டிருந்தார்கள். அவள் கோச்சடையில் எங்கள் வீட்டு பால்கனியிலிருந்து தெரிவதை மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தாள். இஸ்திரி வண்டி, வண்டிக்கு அடியில் படுத்திருக்கும் நாய், டிரான்ஸ்பார்மர், வரிசையாக நிற்கிற டூவீலர்கள். எல்லாம் அழகாக இருந்தது. வானத்தை மட்டும் வெள்ளையாக விட்டிருந்தாள். சனிக்கிழமை மதியம் அவள் டியூஷனுக்குப் போயிருந்தாள். திங்கட்கிழமை படத்தைக் கொடுக்க வேண்டும். எனக்கு எப்போதும் இந்தப் பயம் உண்டு. மற்ற பிள்ளைகள் முந்திவிடுவார்கள், இவள் பின்தங்கிவிடுவாள், பாதியில் விட்டால் மார்க் குறைப்பார்கள் என்று. அவள் கலர்ப் பெட்டியை எடுத்து வானத்துக்கு நீலம் அடித்தேன். இரண்டு மேகமும் போட்டேன். நன்றாகத்தான் வந்தது.

அவள் வந்து பார்த்தாள்.

"வானத்துக்கு யாரும்மா கலர் போட்டது?"

"நான்தான். பாதியில விட்டுட்டுப் போயிருந்தியே."

"பாதியில விடல. அது வெயிலு. மத்தியானம் நம்ம தெருவுல வானம் என்னைக்கும்மா நீலமா இருந்துச்சு?"

நான் ஏதோ சொன்னேன். கண்காட்சி, மார்க், பார்க்கிறவர்கள் என்று. சொல்லச் சொல்ல, அந்தக் குரல் எனக்கு எங்கேயோ கேட்ட குரலாக இருந்தது. அவள் கத்தவில்லை, அழவில்லை. பெட்டியைப் படத்தின் மேல் வைத்து என் பக்கம் தள்ளினாள்.

"நீயே போட்டுக்கோ."

அன்று சாயங்காலம் சேலைகளுக்கு மேலே அந்தப் பெட்டி இருந்தது. கண்காட்சிக்கு அவள் எதுவும் கொடுக்கவில்லை. என் கணவர், "விடு, ரெண்டு நாள்ல தானா எடுத்துக்குவா" என்றார். எனக்குத் தெரியும், தானாக எடுக்காமலே ஒரு ஆயுசு போய்விடும். ஊசி நூல் கட்டின தாள்களையெல்லாம் அட்டை போட்டே தீர்த்தவள் நான்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் கரண்ட் போய்விட்டது. இரண்டு பேரும் ஹாலில் வெறுந்தரையில் படுத்திருந்தோம். நான் மேலே பார்த்துக்கொண்டே அந்த ஆற்றுப் படத்தைப் பற்றிச் சொன்னேன். மன்னிப்புக் கேட்கிறேன் என்று சொல்லத் தெரியாமல்தான் கதையாகச் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவள் படகு வந்த இடத்தில் மட்டும் "தாத்தாவா?" என்றாள். கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் அப்பாவின் போட்டோவை ஒருமுறை பார்த்தாள்.

"டீச்சர் கேட்டப்ப நீ ஏன் சொல்லல, அது ஒம் படம் இல்லன்னு?"

"தாத்தா பக்கத்துல நின்னாரு."

"அப்பறம் நீ வரையவே இல்லையா?"

"இல்ல."

"இப்ப வரைக்கும்?"

"இப்ப வரைக்கும்."

அவள் எழுந்து போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்தேன். ஏதோ பார்சல் சுற்றி வந்த பழுப்புத் தாளைக் கொண்டுவந்து, ஒட்டியிருந்த டேப்பைக் கிழித்துப் போட்டுவிட்டு, என் முன்னால் தரையில் விரித்தாள். ஒரு பென்சிலை அதன்மேல் உருட்டிவிட்டாள்.

"போடு."

ஐம்பதைத் தாண்டிய ஒருத்தி, மகள் பார்த்துக்கொண்டிருக்க, தரையில் குப்புறப் படுத்து யானைமலை வரைவதை நீங்கள் யாரும் பார்க்கவில்லை என்பதில் எனக்கு நிம்மதி.

"யானையா இது? பன்னு மாதிரி இருக்கு."

"இரு. இன்னும் முடியல."

கழுதைகளைப் போட்டேன். துணி பிடிக்கிற இரண்டு பேரைப் போட்டேன். ஸ்டம்புகளை நட்டேன். ஆற்றை அப்படியே விட்டேன். கடைசியாக இந்தப் பக்கம், குனிந்திருக்கிற அந்த அம்மா. கை நீளமாகத்தான் வந்தது. அதன் முனையில் ஒரு வட்டம்.

மகள் குனிந்தாள். விரலை வட்டத்தில் வைத்தாள். "இதுதான் ஊத்தா?"

"ஆமா."

"உள்ள தண்ணி இருக்கா?"

"இருக்கு. மொண்டா, ஊறுற வரைக்கும் காத்திருக்கணும்."

அவள் எழுந்து என் அறைக்குள் போனாள். பீரோக் கதவு கிறீச்சிட்டது. திரும்பி வந்தபோது கையில் கலர்ப் பெட்டி. திறந்து நீலத்தை எடுத்தாள். அதோடு என் படத்தை நோக்கிக் குனிந்தபோது, அவளே போட்டுவிடப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் பென்சிலை என் கைக்குப் பக்கத்தில், தாளுக்கு வெளியே, தரையில் வைத்தாள்.

"நீயே போட்டுக்கோ" என்றாள்.

மற்ற நிறங்களோடு பெட்டியை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு தாள் கிழிக்கிற சத்தம், நோட்டிலிருந்து நேராகக் கிழிக்கிற சத்தம். எழுந்து போய்க் கதவருகில் நின்று என்ன செய்கிறாள் என்று பார்க்கக் கால் பரபரத்தது. போகவில்லை. நீலத்தை எடுத்து, அந்த ஒரு வட்டத்துக்குள் மட்டும், கோட்டுக்கு வெளியே வராமல், மெதுவாகப் போட்டேன்.